பெட்ரோல் டேங்குக்கு ஒரு பிடி உப்பு

உலகத்தில் துருவை மனசார நேசித்த ஒரே ஆண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோன பிறகு உங்களிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது.

எங்கள் வீட்டு வாசல் ஓரம் தகரக் கூரைக்கு அடியில் மூன்று வருடமாக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. என் மாமனாருடையது. முப்பது வருடம் ஓட்டியவர். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும், சொந்த மகனுக்குக்கூடக் கொடுக்காமல், வேனில் ஏற்றி எனக்கு அனுப்பிவைத்தார். "மாப்ளகிட்ட இருந்தா எனக்கு நிம்மதி. இண்டிகேட்டர் மட்டும் எரியாது. கையக் காட்டித் திருப்பிக்கலாம். மத்தபடி வண்டி தங்கம்" என்று போனில் சொன்னார். வேனிலிருந்து இறக்கும்போது தெருவே நின்று பார்த்தது. என் மனைவி சீட்டைத் துடைத்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். நான் சாவியை விரலில் மாட்டி ஸ்டைலாக இரண்டு சுற்றுச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் அது பறந்துபோய்ச் சாக்கடையில் விழுந்தது. அப்போதே யாராவது புரிந்துகொண்டிருக்கலாம்.

விஷயம் இதுதான். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

கல்லூரியில் ஒரே ஒரு தடவை நண்பனுடைய வண்டியில் ஏறினேன். எதையோ பிடித்தேன், எதையோ விட்டேன். வண்டி நேராக எதிரே இருந்த தையல் கடைக்குள் போய், பாதி தைத்த பேண்ட்டுகளுக்கு நடுவில் நின்றது. தையல்காரர் நிதானமாக நிமிர்ந்து பார்த்து, "அளவு எடுக்கணுமா?" என்று கேட்டார். அன்றோடு சரி.

இதை மாமனாரிடம் சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் முதல் தடவையாக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் இதே வண்டியைத் தடவிக்கொண்டு, "வண்டியெல்லாம் ஓட்டுவீங்கல்ல?" என்று கேட்டார். பக்கத்தில் அவருடைய மகள் நின்றுகொண்டிருந்தாள். நான் வண்டியின் கண்ணாடியில் குனிந்து பார்த்துத் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டே, "அதெல்லாம் சின்ன வயசுலேர்ந்தே" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொய்யை ஆறு வருடமாகத் தலையில் சுமந்துகொண்டு பஸ்ஸில் போய்வந்தேன்.

வண்டி வந்த மறுநாளே, வாசலில் பெட்ரோலோடு ஒரு வண்டி நிற்பது எவ்வளவு ஆபத்து என்று அரை மணி நேரம் சொற்பொழிவு ஆற்றி டேங்கைக் காலி பண்ணினேன். காலி டேங்குக்குள் காற்றும் ஈரமும் புகுந்து குடித்தனம் பண்ண ஆரம்பித்தன. எட்டு மாதம் கழித்து மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். அவர் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, பொன்னான ஒரு வாக்கியம் சொன்னார்.

"உள்ள பூரா துரு சார். இதோட ஓட்டினா உதிர்ந்து வந்து கார்புரேட்டரை அடைச்சிடும். நடு ரோட்டுல நிக்கும்."

அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. டீ வாங்கிக் கொடுத்து, டேங்கில் கை வைக்க விடாமல் அனுப்பிவைத்தேன். அன்றிலிருந்து எனக்கு வாழ்க்கை சுலபமாகிவிட்டது.

"ஏங்க, இன்னிக்கு வண்டிய எடுக்கலாமே?"

"துரும்மா."

"சும்மா ஸ்டார்ட்டாவது பண்ணிப் பாக்கலாமே?"

"துரு."

"அப்பா கேட்டார்."

"துருன்னு சொல்லு."

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் மனைவி ஆரம்பித்தாள்.

"அப்பா இன்னும் பன்னண்டு நாள்ல வர்றார்."

"வரட்டுமே. தாராளமா."

"கட்டு பிரிச்சதும் முதல்ல எதப் பாக்கணும்னு டாக்டர் கேட்டாராம். 'என் வண்டிய'ன்னு சொன்னாராம்."

"பாக்கட்டும். நல்லா துணி போட்டுத் தொடச்சு வைக்கறேன்."

"பாத்தா மட்டும் போதாதாம். பின்னாடி உக்காந்து தெருவ ஒரு ரவுண்டு வரணுமாம். இனிமே இந்தக் காலத் தூக்கி வண்டில போட முடியுமோ என்னவோ, அதுக்குள்ள ஒரு தடவைன்னு சொன்னார். சொல்றப்பவே குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க."

அவள் குரலும் ஒரு மாதிரிதான் ஆகியிருந்தது. 

"துரு இருக்கேம்மா."

"எடுத்துடலாம். மெக்கானிக்கிட்ட குடுத்தா ரெண்டே நாள்."

ரெண்டே நாள். அதாவது மூன்றாவது நாள் எனக்கும் தையல் கடைக்கும் நடுவில் எந்தத் தடையும் இருக்காது. இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

"என் மாமனார் வண்டில கண்டவன் கை படறதா?" என்று எழுந்து நின்றேன். "நானே எடுக்கறேன். என் கையால."

"நீங்களா?"

"நானேதான்."

"பல்பு மாட்டறதுக்கே எலக்ட்ரீஷியனக் கூப்பிடறவர் நீங்க."

"அது கரெண்டு. இது இரும்பு. எனக்கும் இரும்புக்கும் ஒத்துப்போகும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. டாக்டர்களின் கையெழுத்தையே தினமும் படிக்கிறவள். என் முகத்தில் எழுதியிருந்ததையும் படித்திருப்பாள். ஆனாலும் "சரி, பண்ணுங்க" என்று உள்ளே போய்விட்டாள். நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

என் திட்டம் எளிமையானது. மெக்கானிக் செய்தால் துரு போய்விடும். நான் செய்தால் போகாது. பன்னிரண்டு நாளும் எல்லோர் கண்ணிலும் படும்படி உழைக்க வேண்டும், கடைசியில் கையை விரிக்க வேண்டும். "என்னால ஆனதப் பாத்தேன் மாமா" என்று சொன்னால் அவர் என் முதுகைத் தட்டிக்கொடுப்பார்.

பக்கத்து வீட்டில் கப்பல்காரர் இருக்கிறார். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதில் சுவரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு அடுத்த வீட்டுக் காரியத்தைத் தன் வீட்டுக் காரியமாகக் கவனிப்பவர். மனைவி அவரிடமே வழி கேட்டுவிட்டாள். அவரும் மடமடவென்று சொல்லிவிட்டார்.

"டேங்க கழட்டுங்க. அடில பெட்ரோல் குழாய எடுத்துட்டு ஓட்டைய தக்கை வச்சு அடைங்க. வினிகர ஊத்துங்க. ஒரு கை நட்டு போல்ட்ட உள்ள போட்டு நல்லா குலுக்குங்க. ராத்திரி பூரா ஊறட்டும். காலைல கொட்டிட்டு, சோடா உப்புத் தண்ணில அலசி, உடனே சூடு காட்டிக் காயவச்சு, எண்ணெய் விட்டுச் சுழட்டிடணும். ஈரமா விட்டீங்கன்னா ஒரு மணி நேரத்துல திரும்ப செவந்துடும்."

கடைசி வாக்கியத்தை மட்டும் நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

புதன்கிழமை டேங்கைக் கழற்ற உட்கார்ந்தேன். ஒரு போல்ட்டோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டினேன். மனைவி பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரொம்ப இறுகிப்போயிருக்கும்மா. இது கழலாது."

"நீங்க இறுக்கிட்டு இருக்கீங்க. இந்தப் பக்கமா சுத்துங்க."

இந்தப் பக்கமாகச் சுற்றினேன். கழன்றது. டேங்க் வந்தது. வினிகர் ஊற்றி, நட்டு போல்ட்டு போட்டு, மூடியை இறுக்கிக் கையில் கொடுத்தாள்.

"இருநூறு தடவ குலுக்குங்க. நான் எண்ணறேன்."

டேங்கை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் குலுக்கினேன். நாற்பதாவது குலுக்கலில் மூச்சு வாங்கியது. அறுபதாவது குலுக்கலில் கப்பல்காரர் மதிலுக்கு மேல் முளைத்தார்.

"என்ன சார், குழந்தை தூங்க மாட்டேங்குதா?"

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். "எழுபத்தி ரெண்டு" என்றாள்.

மறுநாள் காலை கொட்டிப் பார்த்தால் கெட்டியான செங்கல் நிறத் தண்ணீர். உள்ளே டார்ச் அடித்தேன். பாதித் துரு போயிருந்தது. ஒரே ராத்திரியில். பிறந்ததிலிருந்து நான் செய்த எந்தக் காரியமும் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.  இந்த வேகத்தில் போனால் சனிக்கிழமைக்குள் டேங்க் தயாராகிவிடும்.

அன்று சாயங்காலம் மதில் பக்கம் போய்ப் பொதுஅறிவு மாதிரி பேச்சுக் கொடுத்தேன்.

"இரும்ப சீக்கிரமா துரு பிடிக்க வைக்கறது எது சார்? சும்மா ஒரு ஆர்வம்தான்."

"உப்புத் தண்ணி சார். கடலுக்கு வேற என்ன வேலை. நாங்க பெயிண்ட் அடிச்சுக்கிட்டே இருப்போம், அது தின்னுக்கிட்டே இருக்கும்."

அவர் சொல்லிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி குளிக்கப் போனாள். நான் சமையலறைக்குள் நுழைந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் பெரிய பீங்கான் உப்பு ஜாடி. இரண்டு பிடி அள்ளினேன். டேங்கில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினேன். என் சொந்த வீட்டில், என் சொந்த உப்பைத் திருடுகிறவனுக்கு இவ்வளவு வியர்க்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் வெளியே வந்ததும், "தண்ணில ஊற வச்சிருக்கேன். ஊறினாத்தான் மிச்சத் துரு இளகும்" என்றேன்.

"சரிங்க. நான் உங்களுக்கு முன்னாடி வந்துடுவேனே. நானே கொட்டி அலசி வைக்கறேன். நீங்க களைச்சுப்போய் வருவீங்க."

எவ்வளவு நல்ல பெண். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சுருக்கென்றதோடு சரி.

சாயங்காலம் வந்து டார்ச் அடித்தேன். ஆஹா. போன துரு பூராவும் திரும்பியிருந்தது. கூடவே சொந்தக்காரர்களையும் அழைத்து வந்திருந்தது. மனைவியும் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, நேத்தவிட செவப்பா இருக்கு?"

"பழைய துரும்மா. ஆழத்துலேர்ந்து மேல வருது. வர்ற வரைக்கும் விட்டுடணும்."

"ம்."

சனி, ஞாயிறும் அதே வேலை. திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டில் உப்பே இல்லை.

"உப்பு கம்மியா இருக்கேம்மா."

"ஜாடில தீந்துபோச்சுங்க. நாலு நாள் முன்னாடிதான் ரொப்பினேன். எறும்பு தூக்கிட்டுப் போகுதோ என்னவோ."

"உப்ப எறும்பு தின்னாதே."

"அதத்தான் நானும் யோசிச்சேன்."

நான் தலையைத் தட்டுக்குள் புதைத்துக்கொண்டேன். அவள் இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள்.

"பெரிய எறும்பா இருக்கும். போகட்டும், பாவம். நாளைக்குப் புதுசா வாங்கி ஜாடி நிறைய போட்டு வைக்கறேன். வேணுங்கற அளவுக்கு எடுத்துக்கட்டும்."

சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிற எவனும் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். அன்று என் சோற்றில் உப்பு இல்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த சமாதானம்.

செவ்வாய்க்கிழமை சொன்னபடியே வாங்கி வந்து ஜாடியை நிரப்பினாள். புதன்கிழமை காலை கை விட்டேன். புது உப்பு கொஞ்சம் பொடிசாகவும் பளபளப்பாகவும் இருந்தது. நல்ல கம்பெனி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மூன்று பிடியாக அள்ளினேன்.

சாயங்காலம் வந்து டார்ச் அடித்தால் உள்ளே சாம்பல் நிறம். இரும்பின் நிறம்.

"நல்லா இளகிடுச்சு போலருக்குங்க" என்றாள் மனைவி. "கொட்டறப்ப செக்கச்செவேல்னு வந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியேதான்."

"நான் சொன்ன மாதிரியா?"

"ஆழத்துலேர்ந்து மேல வரும்னீங்களே."

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியாழக்கிழமை ஐந்து பிடி போட்டேன். டேங்க் வெளுத்தது. வெள்ளிக்கிழமை ஜாடியையே கவிழ்த்தேன். டேங்க் மின்னியது. உப்புப் போடப் போட மின்னுகிற இரும்பை நான் கேள்விப்பட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த அறிவியலின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மதிலுக்கு ஓடினேன்.

"சார், உப்புத் தண்ணில இரும்பு துருப்பிடிக்கும்னு சொன்னீங்களே. நிச்சயமா?"

"நிச்சயமா பிடிக்குமே."

"பிடிக்கலன்னா?"

கப்பல்காரர் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"சில டேங்க் அப்படித்தான் சார். நல்ல குடும்பத்து டேங்க்."

சனிக்கிழமை மனைவி பெட்ரோல் குழாயை மாட்டினாள், டேங்கை ஏற்றினாள், பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றினாள். நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்திருக்கும்போதே "ஆ" என்று எழுந்தேன்.

"என்னாச்சு?"

"கைம்மா. டேங்க குலுக்கினதுல பிசகிடுச்சு போல. விண்விண்ணுன்னு வலிக்குது."

"குலுக்கி பத்து நாள் ஆச்சே?"

"மெதுவாத்தான் ஏறுது."

"எந்தக் கை?"

"வலது."

அவள் மருந்துக் கடைக்காரி. நொடியில் கட்டுத்துணியும் களிம்புமாக வந்து உட்கார்ந்தாள். வலது மணிக்கட்டை நீட்டினேன்.

"அடடா, கிளட்ச் புடிக்கற கையாச்சே. எப்படிங்க ஓட்டுவீங்க?"

"அதுதாம்மா என் கவலையும். கிளட்ச் புடிக்கற கைல போய் இப்படி ஆயிடுச்சு பாரு."

அவள் கட்டை இன்னும் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

பதினோரு மணிக்கு மாமனார் வந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் தடி. வீட்டுக்குள்ளேயே வரவில்லை. வாசலில் வண்டியைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். ஹேண்டில்பாரைத் தொட்டார், சீட்டைத் தொட்டார். டேங்க் மூடியைத் திறந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு மாப்ள. நான் வச்சிருந்தப்பகூட இப்படி இல்ல. நீங்க பண்ணதாமே? பொண்ணு சொன்னா."

"நான்... தான் மாமா."

அவர் என் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.  கண் கலங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம், அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.  இந்த மனுஷன் ஆசைப்பட்ட ஒரே ஒரு ரவுண்டைக் கெடுப்பதற்காகக் குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு சமையலறையில் திருடியிருக்கிறேன். சீ என்று ஆகிவிட்டது. கட்டுப் போட்ட கையைக் காட்டித் தப்பித்திருக்கலாம். அதற்குக்கூட அன்று மனசு வரவில்லை.

"மாமா, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

சொல்லிவிட்டேன். ஆறு வருடத்துப் பொய். பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"தெரியும் மாப்ள" என்றார் அவர்.

"தெரியுமா?"

"முதல் நாளே தெரியுமே. ஓட்டறவன் ஒரு வண்டியப் பாத்தா எஞ்சினப் பாப்பான், டயரப் பாப்பான், எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பாப்பான். நீங்க கண்ணாடியப் பாத்துத் தலை கோதினீங்க."

"அப்பறம் எதுக்கு மாமா வண்டிய எனக்கு அனுப்பினீங்க?"

"என் பையன்கிட்ட குடுத்தா ஒரே வருஷத்துல ஓட்டிக் காலி பண்ணிடுவான். உங்ககிட்ட இருந்தா அப்படியே நிக்கும். எப்படியும் ஒரு நாள் பொண்ணு எடுத்துக்குவா." அப்புறம் என் கட்டைப் பார்த்து, "கிளட்ச் இடது கைல மாப்ள" என்றார், ரொம்ப மரியாதையாக.

திரும்பிப் பார்த்தேன். மனைவி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். சேலையை மாற்றிச் சுடிதாரில் இருந்தாள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து அலுங்காமல் இறக்கினாள். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மாமனார் தடியை மதிலில் சாய்த்துவிட்டார்.

"நீ... ஓட்டுவியா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் இதுலதாங்க வேலைக்குப் போனேன்."

"சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லியே."

உண்மைதான். கேட்டதே இல்லை. 'பின்னாடி உக்காந்து ஒரு ரவுண்டு' என்றுதான் மாமனாரும் போனில் சொல்லியிருந்தார். யார் பின்னால் என்று சொல்லவில்லை. நானாகவே என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் நடுங்கியிருக்கிறேன். மாமனாரால் காலைத் தூக்க முடியவில்லை. குனிந்து என் தோளைக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, நான் அவர் காலைத் தூக்கி வைக்க, மெதுவாக ஏறி உட்கார்ந்தார். அந்த வண்டிக்காக நான் மனசாரச் செய்த ஒரே காரியம் அதுதான். மகள் கியரைப் போட்டாள். இருவரும் தெருமுனை திரும்பும்போது அவர் கையை நீட்டிக் காட்டுவது தெரிந்தது.

கப்பல்காரர் மதிலிலிருந்து ஒரு சல்யூட் வைத்தார். வண்டிக்குத்தான்.

உள்ளே போனேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை, முகத்தை வைத்துக்கொள்ளவும் இடம் இல்லை. வெட்கப்படுகிறவனுக்குப் பசிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். மேஜையில் சாப்பாடு மூடி வைத்திருந்தது. கட்டுப் போட்ட கையோடு எப்படிச் சாப்பிடுவது. கட்டைப் பிரித்தேன். சாதத்தில் காயைப் பிசைந்து வாயில் வைத்தேன். உப்பு கொஞ்சம் குறைவு. பழகிய கை தானாகவே சமையலறைக்குப் போய், மறுபடி நிரப்பி வைத்திருந்த ஜாடிக்குள் நுழைந்தது. ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் தூவி, பிசைந்து, வாயில் போட்டேன்.

புளித்தது. சாதாரணப் புளிப்பு இல்லை. பல் கூசி, ஒரு கண் தானாக மூடிக்கொண்டு, காது மடல் வரைக்கும் ஏறியது. ஜாடியிலிருந்து இன்னும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வண்டிச் சத்தம் தெருவை இரண்டாவது ரவுண்டு சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவை இறக்கிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு மனைவி சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். திறந்திருந்த ஜாடியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அது டேங்குக்குங்க. உங்களுக்கு உப்பு மேல் அலமாரில."

"எப்பலேர்ந்து இது?"

"எறும்பு வந்ததுலேர்ந்து. கப்பல்ல பாய்லருக்கெல்லாம் இதத்தான் போட்டுக் கழுவுவாங்களாம், துருவையும் தின்னுடும்னார் பக்கத்து வீட்டு சார். நீங்க காலைல போடுவீங்க, நான் சாயங்காலம் கொட்டி சோடா உப்புத் தண்ணில அலசி, தலை காயவைக்கற மெஷின வச்சுக் காயவச்சு எண்ணெய் விடுவேன். பாதி வேலைய நீங்கதாங்க பண்ணீங்க."

"ஓட்டத் தெரியாதுன்னு எப்ப தெரியும்?"

"கல்யாணமான ரெண்டாவது வாரம். அப்பா வண்டிய ஓரமா நிறுத்தச் சொன்னார். கியர்ல இருக்குன்னு தெரியாம நாலு பேரக் கூப்பிட்டுத் தள்ளினீங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா."

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். சரி இன்னிக்கு, சரி நாளைக்குன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." அவள் ஜாடியை மூடினாள். "ஓட்டத் தெரியலன்னா என்னங்க இப்ப. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. அப்பா ஆசப்படறார்னு தெரிஞ்சும் உப்பக் கொண்டுபோய்க் கொட்டினீங்க பாருங்க. அதுதான் எனக்கு ஆறவே இல்ல."

குரலை உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவள் உயர்த்தவில்லை.

"மன்னிச்சுடும்மா" என்றேன்.

"அதான் இன்னிக்கு அப்பாகிட்ட நீங்களே சொல்லிட்டீங்களே. அதுல பாதி போச்சு." மேல் அலமாரியிலிருந்து உப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள். "மீதி பாதி ஊறட்டும். கை பரவால்லியா?"

பிரித்துப்போட்ட கட்டு மேஜை மேல் கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டேன்.

இப்போது நான் பஸ்ஸில் போவதில்லை. மருந்துக் கடைக்குப் போகிற வழியில் என்னை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறாள். கேட்கிறவர்களிடம் எல்லாம், "எங்க வண்டி. துருவெல்லாம் நானே எடுத்தது" என்கிறேன். அவளும் மறுத்துப் பேசுவதில்லை. இண்டிகேட்டர் எரியாததால் திருப்பங்களில் கை காட்டுகிற பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறாள். அதிலும் நேற்று தப்பான கையை நீட்டிவிட்டேன்.